விமானத்துக்கு உடைத்த சிதறுகாய்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு மாசி மாத ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. அப்போது நான் அருப்புக்கோட்டையில் நூல் வியாபாரம் செய்துகொண்டிருந்தேன். மதுரைக்குப் போகும் வழியில் உள்ள விமானத் தளத்தில் பழைய போர் விமானங்களைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கிறார்கள், அதில் ஒன்று சாயங்காலம் நான்கு மணிக்குப் பறந்து காட்டும் என்று கேள்விப்பட்டதிலிருந்து, மூன்றாம் வகுப்பு படித்த என் மகள் நச்சரித்து எடுத்துவிட்டாள்.

ஊரை ஒட்டிய பாளையம்பட்டியில் நான், மனைவி, மகள் மூன்று பேரும் பஸ் ஏறினோம். காரியாபட்டி தாண்டும்வரை, விமானத்துக்கு ஹாரன் உண்டா என்று மகள் கேட்டுக்கொண்டே வந்தாள். என் மஞ்சள் பையில் ஒரு தேங்காய் இருந்தது. "இது எதுக்குங்க?" என்று மனைவி கேட்டாள். எங்கள் வீட்டில் சைக்கிள் வாங்கினாலும் சரி, லோடு வண்டி கிளம்பினாலும் சரி, சிதறுகாய் உடைக்காமல் சக்கரம் உருளாது. ஆகாயத்தில் போகிற வண்டிக்கு உடைக்காமல் விட எனக்கு மனசு வருமா?

வாசலில் கையில் நீலப் பட்டை கட்டிய தொண்டர்கள் நின்றார்கள். பெரும்பாலும் விமானப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். தரையில் ஒரு துரும்புகூடப் போடக் கூடாது என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்பினார்கள். நானும் பொறுப்பாகத் தலையாட்டினேன். மகள் தின்ற கடலைத் தோலைக்கூட என் சட்டைப் பையில்தான் வாங்கிப் போட்டேன். ஆனால் சாமிக்கு உடைக்கிற தேங்காயை யார் குப்பையில் சேர்ப்பார்கள்?

விமானங்களைத் தொட்டுப் பார்த்து முடித்ததும், பறக்கப் போகும் விமானத்தைச் சுற்றி நின்றவர்களைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் போகச் சொன்னார்கள். அந்தச் சந்தடியில் நான் விமானத்தின் மூக்குக்கு நேரே போய், தேங்காயை மூன்று சுற்றுச் சுற்றி, சிமெண்ட் தரையில் ஓங்கி அடித்தேன். நல்ல முற்றின காய். எட்டுத் திசைக்கும் தெறித்தது. சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், சிலர் வழக்கம்போல ஓடி வந்து சில்லுகளைப் பொறுக்கினார்கள்.

தொண்டர்கள் பதறி ஓடி வந்தார்கள். அவர்களில் மூத்தவர் ஒரு மெக்கானிக். திருச்சுழிப் பக்கத்து ஆள் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"சாமி காரியத்தக் குத்தம் சொல்லாதீக" என்று நான் முறுக்கினேன்.

அவர் கோபப்படவே இல்லை. "அண்ணாச்சி, மூக்குல இருக்குற இந்தக் காத்தாடி சுத்தும்போது ஒரு சிரட்டைச் சில்லு கெடந்தா துப்பாக்கிக் குண்டு மாதிரி பறக்கும். அந்தா நிக்குதுகளே புள்ளைக, அதுக கண்ணப் பறிச்சிரும். கடைசிச் சில்லு கெடைக்காம வண்டி கெளம்பாது" என்றார். நாலரைக்குள் பறந்து இறங்கிவிட வேண்டுமாம். அதற்குப் பிறகு அனுமதி கிடையாதாம்.

கயிற்றுக்கு அப்பாலிருந்து என் மகள் கேட்டாள், "யப்பா, இனிமே அது பறக்காதா?"

நான் குனிந்து, கைக்கு அகப்பட்ட சில்லுகளைப் பொறுக்கத் தொடங்கினேன்.

மைக்கில் அறிவித்தார்கள். சில்லு எடுத்தவர்கள் அசட்டுச் சிரிப்போடு திருப்பிக் கொடுத்தார்கள். ஒருவர் தேங்காயைத் தின்றுவிட்டு சிரட்டையை மட்டும் நீட்டினார். கிராமத்திலிருந்து வந்திருந்த ஏழெட்டுப் பெண்கள், "தள்ளுங்கய்யா, நாங்க பாக்குறோம்" என்று சேலையைச் செருகிக்கொண்டு, பருத்தி எடுப்பதுபோல ஆளுக்கொரு நிரை பிடித்துக் குனிந்து நடந்தார்கள். கடுகளவு சிரட்டைகூட அவர்கள் கண்ணுக்குத் தப்பவில்லை.

மெக்கானிக் தரையில் துண்டை விரித்து, சில்லுகளை ஒன்றோடொன்று பொருத்தி என் தேங்காயை மறுபடி உருவாக்கிக்கொண்டிருந்தார். முழுசாக வந்துவிட்டது, ஓரிடத்தில் கட்டைவிரல் நகம் அளவு ஓட்டை தவிர. மணி நான்கு தாண்டிவிட்டது. பெண்கள் இன்னொரு முறை நடந்தார்கள். இல்லை. நானும் வேர்த்து விறுவிறுத்துப் போய், சக்கரத்துக்குப் பக்கத்தில், ஏணிக்குப் பக்கத்தில் என்று தேடினேன்.

மெக்கானிக் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "அண்ணாச்சி, காலத் தூக்குங்க" என்றார்.

என் ரப்பர் செருப்பின் அடியில் குத்திக்கொண்டிருந்தது அந்தச் சில்லு. அதைச் சுமந்துகொண்டுதான் தளம் முழுக்கத் தேடியிருக்கிறேன். பெண்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதில் என் மனைவியும் சேர்ந்துகொண்டாள்.

நாலேகாலுக்கு விமானம் கிளம்பியது. தலைக்கு மேல் அது உறுமிப் போனபோது மகள் என் தோளில் உட்கார்ந்து கத்திய கத்தலில் என் காது அடைத்துவிட்டது. அவ்வளவு சந்தோஷமாக நான் அவளை அதற்கு முன் பார்த்ததில்லை. புறப்படும்போது மெக்கானிக்கின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். "நானும் ஊர்ல வண்டிக்கு உடைக்கிறவந்தான். உடைங்க. ஆனா பொறுக்கிட்டுப் போங்க" என்று சிரித்தார்.

இன்றும் எங்கள் லோடு வண்டிக்குச் சிதறுகாய் உடைக்கிறேன். உடைத்த கையோடு குனிந்து சில்லுகளைப் பொறுக்குவதைப் பார்த்து டிரைவர்கள் கேலி செய்வார்கள். வீட்டிலோ கடையிலோ ஏதாவது கோளாறென்றால், அடுத்தவர்களைக் கேட்பதற்கு முன் நான் ஒருமுறை என் காலைத் தூக்கிப் பார்த்துக்கொள்கிறேன் என்பது அவர்களுக்குத் தெரியாது.