பூவுக்குப் பை கட்டுகிறவர்

விடிந்ததும் பரமேஸ்வரன் தன் தக்காளிப் பூக்களுக்குப் பல் தேய்த்துவிடுவார். பேட்டரியில் ஓடும் பழைய பிரஷ் ஒன்றைப் பூக்காம்பில் வைத்து உர்ரென்று ஓடவிடுவார். மகரந்தம் உதிர்ந்தால்தான் காய் பிடிக்குமாம். அதன் பிறகு அந்தப் பூங்கொத்துக்கு ஒரு வலைப்பையை மாட்டிச் சுருக்குக் கயிற்றை இழுப்பார். மலாய்க்காரர் கல்யாணத்தில் முட்டையும் மிட்டாயும் போட்டுக் கையில் கொடுப்பார்களே, அந்தப் பை. பையும் கையுமாக நிற்கும் செடிகளைப் பார்த்தால், அவையும் விருந்துக்குப் போய் வந்தவை போலிருக்கும்.

"வண்டு கிண்டு வேற செடி மகரந்தத்தக் கொண்டாந்து போட்டுடும் லா. அப்புறம் வெத கலந்துடும்" என்பார்.

காப்பார் ஊரில் எங்கள் வரிசை வீடுகளில் அவருடையது நடுவில். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ஹாஜிரா. பரமேஸ்வரன் கேமரன் மலையிலிருந்து காய்கறி ஏற்றிவரும் லோரி ஓட்டுகிறார். டன் கணக்கில் தக்காளி ஏற்றி இறக்குகிற மனிதர், அதில் ஒன்றைக்கூட வீட்டுக்குக் கொண்டுவர மாட்டார். "அதெல்லாம் கம்பெனி வெத, பாஸ். அதோட வெதையப் போட்டா அப்பன் ஒரு மொகம், புள்ள ஒரு மொகம்." அவர் வளர்ப்பது தலைமுறைக்கும் ஒரே மாதிரி காய்க்கும் பரம்பரை விதைகளை மட்டும். அவற்றை 'ஏர்லூம்' என்று சொல்லும்போது மட்டும், சாமி சன்னதியில் நிற்பதுபோல் குரல் தணிந்துவிடும்.

அவரிடம் விதை கேட்டால் உடனே கொடுத்துவிட மாட்டார். பெண் கேட்டு வந்தவனை விசாரிப்பதுபோல் விசாரிப்பார். வெயில் எந்தப் பக்கம் விழும், மழைக்கு மறைப்பு உண்டா, வெளியூர் போனால் யார் தண்ணீர் ஊற்றுவது. படத்தில் பார்த்து ஆசைப்பட்டுக் கறுப்பு ரகம் ஒன்றை நான் கேட்டேன். "பிளாக் கிரிம்மா? அது குளிர் நாட்டு ஆளு. நம்ம ஊரு ராத்திரி சூட்டுக்குப் பூவக் கொட்டிட்டு நிக்கும். ஒங்களுக்குச் சின்ன செர்ரி வகை போதும் லா" என்று என் தகுதியை நிர்ணயித்துவிட்டார். சின்னதைத்தான் போட்டேன். அதுவும் காய்த்துத் தொலைத்தது. எதிர்த்துப் பேச வழியில்லாமல் போய்விட்டது.

அவர் விதை எடுக்கும் நாட்களை மூக்குள்ள யாரும் அறிவார்கள். பழச்சதையைக் கண்ணாடிப் புட்டிகளில் வழித்துப் போட்டுத் துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் புளிக்க வைப்பார். நுரையும் பூஞ்சணமும் பூத்து மேலே ஏறும். "இந்த வீட்டுல நான் இருக்குறதா, இல்ல ஒங்க தக்காளி இருக்குறதா?" என்று அவர் மனைவி லோகேஸ்வரி கத்துவது எங்கள் சமையலறை வரை கேட்கும். அலசிக் காயவைத்த விதைகளுக்கு ஐஸ்பெட்டியில் மீன் தட்டுக்கு மேல் இடம். மீனுக்கு அத்தனை மரியாதை கிடையாது.

ஹாஜிரா பாலர் பள்ளி ஆசிரியை. தனியாகக் குடியிருக்கிறாள். அவளும் இவரிடம் விதை கேட்டாள். "மொதல்ல சும்மா வெதையில கை பழகட்டும்மா" என்று தள்ளிவிட்டார். அவள் விடவில்லை. பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் வாங்கிய தக்காளியைப் பிழிந்து பெயின்ட் வாளியில் போட்டாள். முளைத்த செடிகள் ஒவ்வொன்றாகக் காய் பிடிக்காமலே செத்தன. கடைசியாக ஒன்று மட்டும் தப்பிப் பிழைத்து, வேலி உயரத்துக்கு வளர்ந்து பூத்தது. வேலைக்குக் கிளம்புமுன் அதன் எதிரில் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் காரை எடுப்பாள். அந்த நேரம் பார்த்துப் பினாங்கில் அவள் தங்கைக்குப் பிரசவம். மூன்று வாரம் போய் இருக்கவேண்டும். "நீங்க இருக்கீங்கண்ணே, எனக்கு என்ன கவல" என்று அதையும் தொட்டிகளில் இருந்த மிளகாய், கத்திரியையும் பரமேஸ்வரனிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த வாரமே மாமாக் சாப்பாட்டுக் கடையில் தே தாரிக் டீயை ஆறவிட்டபடி அவர் என்னிடம் சொன்னார்: "அந்தச் செடியப் புடுங்கிட்டேன், பாஸ்."

"எந்தச் செடிய?"

"ஹாஜிராவோடது. என் வெதச் செடிய ஒட்டுனாப்ல நிக்குது. கலந்துடும் லா."

"பூவுக்கெல்லாம்தான் பை கட்டியிருக்கீங்களே?"

"கட்டியிருக்கேன். மனசு கேக்கல." என் முகத்தைப் பார்த்தவர் அவசரமாக, "கலந்துடும்னு நான் செடியத்தான் சொல்றேன்" என்றார். நான் வேறெதையும் கேட்கவில்லையே. தான் சொன்னது தன் காதிலேயே விழுந்துவிட்டது போலும். அதன்பின் அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை, கோப்பையையும் தொடவில்லை.

ஹாஜிரா திரும்பி வந்து, வாளி வெறுமையாக இருப்பதைப் பார்த்துக் கேட்டாள். உண்மையைச் சொல்லப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். "வாடல் நோய்மா. மண்ணுலேர்ந்து வரும். காலையில பச்சையா நின்னுச்சு, மத்தியானம் தொங்கிப்போச்சு" என்றார். அவளோ இவருக்கு ஆறுதல் சொன்னாள். "பரவால்லண்ணே. பக்கத்துல இருந்து பாத்த ஒங்களுக்குத்தான் எவ்ளோ சங்கடமா இருந்திருக்கும். என் கை ராசி அப்படி." பினாங்கிலிருந்து வாங்கிவந்த, சர்க்கரையில் ஊறிய ஜாதிக்காய்ப் புட்டி ஒன்றையும் கொடுத்தாள். அவள் உள்ளே போனதும் அந்தப் புட்டியை வேலிக்கு மேலாக என்னிடம் நீட்டினார். "நீங்க சாப்புடுங்க, பாஸ். எனக்கு எறங்காது."

அதன்பிறகு பிரஷ் ஓடும் சத்தம், அவள் கார் தெருமுனை தாண்டிய பிறகுதான் கேட்டது. லோரி வேலை முடிந்து வருகிறவர் பின்சந்து வழியாக வீட்டுக்குள் நுழைந்தார். விதை கேட்டு வந்தவர்களிடம் தீர்ந்துபோச்சு என்று பொய் சொல்லி அனுப்பினார். இவருக்கு உடம்புக்கு என்ன என்று லோகேஸ்வரி என்னிடம் விசாரித்தார். ஹாஜிராவிடம் சொல்லிவிடுங்கள் என்று நானும் அவரை நச்சரித்தேன். "நம்பி ஒப்படச்சிட்டுப் போன புள்ள லா அது. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்வேன்?" என்பார். சில நாள் அவரைப் பார்க்க எரிச்சலாக வரும், சில நாள் பாவமாக இருக்கும்.

போன சனிக்கிழமை நானும் அவரும் பாசாருக்குப் போய்விட்டு வந்தபோது, ஹாஜிரா தன் வாசலில் தொட்டிகளையெல்லாம் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். பழுத்துத் தொங்கும் மிளகாய்ச் செடிகள், பிஞ்சு விட்ட கத்திரி, எல்லாம் வேரோடு தரையில் கிடந்தன. மண்ணை அள்ளிச் சாக்கில் கட்டியிருந்தாள்.

"என்னம்மா பண்ற?" என்றார் பரமேஸ்வரன்.

"நெட்டுல படிச்சேண்ணே. வாடல் வந்த மண்ணு மொளகா, கத்திரி எல்லாத்துக்கும் தொத்திக்குமாம். அதான் மொத்தமா அள்ளிப் போட்டுடலாம்னு. நாளைக்கு ஒங்க செடிக்கு வந்துட்டா நான் என்ன பண்ணுவேன்?"

அவர் கையிலிருந்த காய்கறிப் பைகளைத் தரையில் வைத்தார். நேராகப் போய் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நிறுத்தும்மா. மண்ணுல ஒண்ணுமில்ல. நோயே வரல. நான்தான் புடுங்கிப் போட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு. என் வெதையோட கலந்துடும்னு... பொய் சொல்லிட்டேன்மா."

ஹாஜிரா கையில் ஒரு மிளகாய்ச் செடியோடு நின்றாள். வேரிலிருந்து மண் உதிர்ந்துகொண்டிருந்தது. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் அவருக்கும் கொஞ்சம் இலேசாகியிருக்கும். அவள் செடியைக் கீழே வைத்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"காய் புடிச்சிருந்துச்சாண்ணே?"

தக்காளி என்று வாயெடுத்தால் ஒரு மணி நேரம் பேசுகிற மனிதர், குனிந்த தலையை நிமிர்த்தாமல், வேலிக் கம்பியிலிருந்து ஒரு கையை மட்டும் எடுத்து, இரண்டு விரல்களைக் காட்டினார்.