ஸ்டியரிங்கில் தொங்கும் மூடி

ஸ்தமென்காவின் டிராக்டருக்குப் பெயர் ருமென்கா. சிவந்தவள் என்று அர்த்தம். எங்கள் ஷுமாதியா மேட்டில் பசுவுக்கு வைக்கிற பெயர். சிவப்புச் சாயம் பாதிக்கு மேல் உதிர்ந்துவிட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. நான் அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரன். போதாததற்கு அவள் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குச் சாட்சி நின்ற கூம். எங்கள் பக்கம் கூம் என்றால் உடன்பிறந்தவனுக்கும் ஒரு படி மேல். ஆகவே அவள் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்க எனக்குச் சகல உரிமையும் உண்டு. நுழைக்காவிட்டால்தான் குற்றம்.

அவள் புருஷன் தோப்ரொசாவ், கல்யாணமான கொஞ்ச நாளில் வியன்னாவுக்குக் கட்டட வேலைக்குப் போனான். இரண்டே வருஷம் என்றுதான் சொல்லிவிட்டுப் போனான். ஆகஸ்ட் மாதம் வருவான், முற்றத்தில் கறி சுடுவான், போய்விடுவான். தலை முழுக்க நரைத்து, ஓய்வும் பெற்று, போன இலையுதிர் காலத்தில்தான் ஒரேயடியாகத் திரும்பி வந்தான். அதுவரை பிளம் தோட்டமும் டிராக்டரும் ஸ்தமென்கா தலையில்.

முதல் தடவை அவள் டீசல் ஃபில்டரைக் கழற்றியபோது ஊரே வேலியோரம் நின்று யோசனை சொன்னது. அதிகம் சொன்னவன் நான். "யோசனை சொல்ல இத்தனை வாய் இருக்கு, டார்ச் பிடிக்க ஒரு கை இல்லை" என்றாள். இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். இப்போது அவள் கொட்டகையில் போல்ட்டுகளெல்லாம் அளவு வாரியாக மிளகாய்த் துவையல் போத்தல்களில் இருக்கின்றன. வால்வு இடைவெளியைச் சரிபார்த்த பிறகு, சூப் கிண்டுகிற மரக்கரண்டியின் ஒரு முனையை இன்ஜின் மேல் வைத்து மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பாள். அந்தக் கரண்டி மறுபடி சமையலுக்குப் போகிறதா என்று நான் விசாரித்ததில்லை. அவள் வீட்டில் நான் சாப்பிட வேண்டியிருக்கிறது.

குளிர்காலத்துக்கு அவளிடம் ஒரு சட்டம் உண்டு. உறையாத திரவம் கடையில் கிடைக்கும். ஆனால் ருமென்காவின் ரேடியேட்டர் அங்கங்கே கசியும், காசு போட்டு வாங்கியதை மண்ணுக்கு வார்க்க அவளுக்கு மனமில்லை. அதனால் தினமும் வேலை முடிந்ததும் தண்ணீரை வடித்துவிட்டு ரேடியேட்டர் மூடியை ஸ்டியரிங்கில் மாட்டிவிடுவாள். மூடி தொங்கினால் உள்ளே தண்ணீர் இல்லை. காலையில் கிணற்றிலிருந்து வாளி வாளியாகத் தூக்கி ஊற்றிய பிறகுதான் மூடி தன் இடத்துக்குப் போகும். இதெல்லாம் இத்தனை வருஷம் ஆகஸ்டில் மட்டும் வந்துபோனவனுக்கு எப்படித் தெரியும்? காலையில் அவள் ஊற்றுவதைப் பார்த்திருப்பான், ஏன் முந்தின ராத்திரியே ஊற்றுவதில்லை என்று கேட்டிருக்க மாட்டான்.

ஜனவரியில், பழைய பஞ்சாங்கப்படி வருகிற எங்கள் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், ஆண்கள் காட்டுக்குப் போய் ஓக் மரம் வெட்டுவார்கள். அதைக் கோயில் முற்றத்துக்கு இழுத்து வருவது வருஷா வருஷம் ருமென்கா. சாயங்காலம் ஊர் கூடி அதைக் கொளுத்தும். அன்று காலை, வழக்கம்போல மட்கார்டில் உட்கார்ந்து போகலாம் என்று பிளம் சாராயக் குப்பியோடு போனேன். ஸ்தமென்கா வண்டியில் ஏறாமல் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதில் மூடி இல்லை.

தோப்ரொசாவ் முகம் மலர வெளியே வந்தான். "எல்லாம் ரெடி! நேத்து சாயங்காலமே தண்ணி ஊத்தி மூடியையும் இறுக்கிட்டேன். நீ ஏறி உக்காந்தா போதும்."

நான் வாய்விட்டே முனகினேன். ராத்திரி முழுக்கக் கொட்டகைக் கூரையில் பனிக்கம்பிகள் வளர்ந்திருந்தன. ஸ்தமென்கா குனிந்து வடிகுழாயைத் திறந்தாள். ஒரு சொட்டு வரவில்லை. உள்ளே எல்லாம் கட்டி. உறைந்த தண்ணீர் பெருத்து இன்ஜின் பிளாக்கைப் பிளந்திருந்தால் ருமென்காவின் கதை முடிந்தது. தோட்டத்து வேலையும் அதோடு நின்றது.

உப்புக் குறைந்ததற்கே ஊர் கேட்கத் திட்டுகிறவள் அவள். அன்று அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"சாவியை யாரும் தொடாதீங்க. கூமே, சாராயம் காய்ச்சற கொப்பரையில தண்ணி சுட வை. நீ போய் வீட்ல இருக்கற கம்பளி எல்லாம் எடுத்துட்டு வாய்யா" என்று புருஷன் பக்கம் திரும்பினாள்.

இன்ஜினைப் போர்த்தினோம். வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே விட்டோம். தோப்ரொசாவ் கிணற்றுக்கும் கொப்பரைக்கும் ஓடிக்கொண்டிருந்தான். ஒரு நடையில் என் காதருகே வந்து, "கூமே, பிளாக் வெடிச்சிருந்தா?" என்றான்.

"நீ வியன்னாவுக்கே பஸ் ஏறிடு."

வேடிக்கைக்குத்தான் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

பக்கத்துத் தோட்டத்து ராஷா தன் புதுப் பச்சை டிராக்டரை வாசலில் நிறுத்திக் கண்ணாடிக் கதவைத் திறந்தான். அந்த ஓக் மரத்தை இழுத்து வருகிற பெருமை மேல் பல வருஷமாக அவனுக்கு ஒரு கண். "என்னக்கா, மாட்டுக்குக் குளிர்காய்ச்சலா? கம்பளி எல்லாம் போத்தியிருக்கீங்க! நான் போய் இழுத்துட்டு வந்துடட்டா?"

"மத்தியானம் வரைக்கும் பொறு. அதுவரைக்கும் உன் கண்ணாடி ரூம்ல ஹீட்டரைப் போட்டுக்கிட்டு உக்காரு. நான் வரலேன்னா நீ போ."

திடீரென்று இன்ஜின் பக்கவாட்டில் தண்ணீர் பீய்ச்சியது. எனக்கு உயிரே போனது. ஸ்தமென்கா கம்பளியை விலக்கிப் பார்த்தாள். வெடிப்பு இல்லை. அங்கே துளையை அடைத்திருக்கும் தகரச் சில்லு ஒன்றைப் பனிக்கட்டி வெளியே தள்ளியிருந்தது. சில சமயம் சில்லு போனதோடு பிளாக் தப்பிவிடும். சில சமயம் இரண்டும் போகும்.

தோப்ரொசாவ் முட்டி போட்டு வைக்கோலைத் துழாவி அந்தச் சில்லைக் கண்டுபிடித்தான். அவள் அதைத் துடைத்து, ஓரத்தில் பசை தடவி, சுத்தியலால் தட்டி உட்கார வைத்தாள். மறுபடி வெந்நீர் நிரப்பினோம். வெளியே எங்கும் கசியவில்லை. இனி உள்ளே.

"எண்ணெய்த் தொட்டியோட அடி நட்டை நான் லேசாத் தளர்த்தறேன். தண்ணி எண்ணெய்க்கு அடியிலதான் தங்கும். உள்ள வெடிச்சிருந்தா முதல்ல தண்ணிதான் வரும். கையை நீட்டு," என்றாள் புருஷனிடம். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நீயே பாத்துச் சொல்லு. என்னால பாக்க முடியாது."

அவன் வண்டிக்கடியில் மல்லாந்து உள்ளங்கையை விரித்தான். குளிரில் எண்ணெய் இறங்குவேனா என்றது. நான் குப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு குடிக்க மறந்து நின்றேன்.

"கறுப்பு," என்றான் அடியிலிருந்து. "ஸ்தமென்கா, கறுப்பும்மா. பால் விடாத நம்ம காப்பி மாதிரி கறுப்பு."

அவள் நட்டை இறுக்கிவிட்டு, மூக்கைக் கையுறையால் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். ருமென்கா இரண்டு தடவை இருமி, கொட்டகை முழுக்கப் புகை விட்டு, மூன்றாவதில் பிடித்துக்கொண்டாள். ஓக் மரம் சங்கிலியில் வந்தது. பின்னாலேயே ராஷா ஹாரன் அடித்துக்கொண்டு வந்தான். பொறாமைக்காரன்தான், ஆனால் நல்லவன்.

சாயங்காலம் கோயில் முற்றத்தில் ஓக் தீப்பிடித்துப் பொறி பறந்தது. தோப்ரொசாவ் கறுத்த உள்ளங்கையை ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தான், கழுவவே இல்லை. நான் ஸ்தமென்காவிடம் போய்க் கேட்டேன்.

"ஏன் அவனை ஒரு வார்த்தை திட்டலே? நான் காலையிலேருந்து காத்துக்கிட்டிருக்கேன்."

அவள் நெருப்பையே பார்த்தாள். "கூமே, இத்தனை வருஷமா அந்த வாளியை நான் ஒருத்திதான் தூக்கறேன். நேத்து எனக்காக ஒருத்தன் தூக்கியிருக்கான். அவனை எப்படித் திட்டறது?"

நான் குடிப்பதற்கு முன்னால் குப்பியை அவளிடம் நீட்டினேன். எனக்கே அது அபூர்வம்.

தோப்ரொசாவ் எங்களுக்கு முன்னால் ருமென்காவை வீட்டுக்கு ஓட்டிப் போயிருந்தான். நாங்கள் நடந்து போய்ச் சேர்ந்தபோது மூடி ஸ்டியரிங்கில் தொங்கியது. விழுந்துவிடக் கூடாதென்று கம்பி போட்டு வேறு கட்டியிருந்தான். எதையும் இரண்டு தடவை சரிபார்க்கிற ஸ்தமென்கா அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வடிகுழாயைத் தொடாமலே, நோன்புச் சாப்பாடான பீன்ஸும் மீனும் ஆறிப்போகும் என்று உள்ளே போய்விட்டாள்.

நான்தான் மனசு கேட்காமல் குழாயைத் திறந்து பார்த்தேன். காலியாகத்தான் இருந்தது.