வீட்டுச் சாவிகளின் குடியரசு

ரோமாபுரியின் குடியரசு எப்படி விழுந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்டு பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் வரலாறு எம்.ஏ. படித்தவன் நான். தேர்வில் அந்தக் கேள்விக்குக் கூடுதல் தாள் வாங்கி எழுதினேன். ஊருக்கு ஆபத்து வந்தால் ஒரே ஆளிடம் முழு அதிகாரத்தையும் கொடுப்பார்கள், ஆனால் ஆறே மாதத்துக்குத்தான். அந்தக் கெடு இருந்தவரை குடியரசு பிழைத்தது, கெடு போனதும் அதுவும் போனது என்று அடிக்கோடிட்டு எழுதினேன். இதே கைதான் பிற்பாடு எங்கள் குடியிருப்பைக் கவிழ்த்தது. நிமிர்த்தியதிலும் இதற்குப் பங்கு உண்டு என்பதால் கூச்சமில்லாமல் சொல்கிறேன்.

ஓய்வு பெற்று குவார்ட்டர்ஸைக் காலி செய்ததும் கோவில்பதாகையில் ஒரு பிளாட் வாங்கினேன். நாலு மாடி, முப்பத்திரண்டு வீடுகள். பாதி என்னைப் போன்ற தொழிற்சாலைக் குடும்பங்கள், மீதி ஐ.டி. வேலைக்காரர்கள். முதல் சங்கக் கூட்டத்தில் கை தூக்கச் சொன்னபோது ஒரே வீட்டிலிருந்து கணவன், மனைவி, மாமியார், இரண்டு பிள்ளைகள் என்று ஐந்து கைகள் எழுந்தன. எண்ணி முடிப்பதற்குள் சண்டை வந்துவிட்டது. நான்தான் ஒரு வழி சொன்னேன். கையைத் தூக்க வேண்டாம், வீட்டுச் சாவியைத் தூக்குங்கள். வீட்டுக்கு ஒரு சாவி, சாவிக்கு ஒரு ஓட்டு. சொந்தக்காரரோ வாடகைக்காரரோ, அந்த வீட்டில் யார் சமைத்துச் சாப்பிடுகிறார்களோ அவர்கள் கையில் சாவி. டூப்ளிகேட் சாவியைத் தூக்கிய ஒருவரை அவர் மனைவியே காட்டிக்கொடுத்தார். அதன் பிறகு எங்கள் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன.

பிறகு மழை பொய்த்த ஒரு கோடை வந்தது. எங்கள் போர்வெல் வற்றியது. சுவருக்கு அந்தப் பக்கம், அதே பில்டர் கட்டிய பின் பிளாக்கில் மட்டும் தண்ணீர் கொட்டியது. கேட்டால் தர மாட்டோம் என்றார்கள். எங்கள் செயலாளர் கோவைப் பக்கத்திலிருந்து வந்த ஐ.டி.காரர், நாற்பது வயதுகூட இருக்காது, படு சுறுசுறுப்பு. பழைய வரைபடத்தைத் தேடி எடுத்து, பின் பிளாக்கின் போர்வெல் இரண்டு பிளாக்குக்கும் பொதுவான இடத்தில் தோண்டப்பட்டது என்று கண்டுபிடித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் முன்னால் போக, நாங்கள் முப்பது பேர் காலிக் குடங்களோடு பின் பிளாக்கின் கேட்டில் போய் நின்றோம். மூன்று மணி நேரம் வாய்ச்சண்டை. பொய் சொல்வானேன், என் வாழ்க்கையில் அவ்வளவு உற்சாகமாக நான் கத்தியதே இல்லை. மதியத்துக்குள் அவர்கள் இறங்கி வந்தார்கள். அந்த வாரமே இடைச்சுவரை இடித்தோம், இரண்டு சங்கமும் ஒன்றானது. தோற்றவர்களுக்கும் சாவி ஓட்டு கொடுத்தோம். எல்லாருக்கும் கேசரி.

வெற்றி தலைக்கு ஏறிய அந்தக் கூட்டத்தில்தான் தவறு நடந்தது. தண்ணீர் விஷயத்தில் ஒவ்வொன்றுக்கும் கூட்டம் போட்டால் வேலை ஆகாது, செயலாளரே முடிவெடுக்கட்டும் என்றார்கள். அழகாக எழுதுவேன் என்று தீர்மான நோட்டை என்னிடம் தள்ளினார்கள். 'தண்ணீர்த் தட்டுப்பாடு தீரும் வரை செயலாளரே எல்லா முடிவுகளையும் எடுக்கலாம்' என்று எழுதினேன். தேதி போடவில்லை. இரண்டு பிளாக்குமாக அறுபத்துச் சொச்சம் சாவிகள் ஒன்றாகக் கிலுங்கின. ஆறு மாதக் கெடுவுக்கு அடிக்கோடு போட்ட மேதைக்கு அப்போது அது ஞாபகமே வரவில்லை.

ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. தரைக்கடியில் இருந்த சம்ப் தொட்டி வழிந்தது. கூட்டம் எப்போது என்று கேட்டபோது, நிலத்தடி நீர் இன்னும் ஏறவில்லை, தட்டுப்பாடு தீரவில்லை என்றார் செயலாளர். மோட்டார் அறைக்குப் புதுப் பூட்டு வந்தது, சாவி அவர் இடுப்பில். வாட்ஸ்அப் குழுவில் அவர் மட்டுமே எழுதலாம் என்று ஆக்கினார். வாடகைக்காரர்களுக்கு இனி ஓட்டு இல்லை என்று அதில்தான் அறிவித்தார். நாங்கள் அந்தச் செய்தியின் மேல் கட்டைவிரல் குறியை அழுத்திவிட்டு வேலையைப் பார்த்தோம். எங்கள் வீட்டில் தண்ணீர் வந்துகொண்டிருந்ததே.

பின் பிளாக்கின் தரைத்தளத்தில் ஓர் அம்மா இட்லி மாவு அரைத்து விற்றார். வாடகை வீடு, தனி ஆள். எங்கள் குடியிருப்பில் பாதி அடுப்புகளில் அவர் மாவுதான் வேகும். மோட்டார் அறைச் சாவி ஏன் ஒருத்தரிடமே இருக்கிறது என்று ஒருநாள் அவர் செயலாளரை நேருக்கு நேர் கேட்டுவிட்டார். மறுநாளே வீட்டில் வியாபாரம் செய்பவர்களுக்குப் பொதுத் தண்ணீர் கிடையாது என்று உத்தரவு வந்தது. அந்த அம்மா வீட்டுக் குழாயின் வால்வை மூடிவிட்டார்கள். அரிசி ஊறவைக்க வழியில்லாமல் கிரைண்டர் சும்மா நின்றது. மாதக் கடைசிவரை இப்படியே போனால் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

அவர் நேராக என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அந்த நோட்டுல எய்தினது நீங்கதானே சார்? நீங்களே அத்த மாத்துங்க."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் கொஞ்ச நேரத்தில் கோபமாக மாறியது. எனக்குக் கோபம் வந்தால் வேலை நடக்கும்.

அன்று முதல் காலையில் எங்கள் குழாயில் பிடித்து ஆறு குடம் தண்ணீரை நானும் என் மனைவியும் அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். கிரைண்டர் ஓடியது. அது ஓடும்போது சும்மா இருக்க முடியாமல் ரோமாபுரிக் கதையை அவரிடம் அளந்தேன், ஆறு மாதக் கெடு உட்பட. அவர் உளுந்தைத் தள்ளிக்கொண்டே கேட்டார். சங்க விதியைத் தூசி தட்டிப் பார்த்ததில், மூன்றில் ஒரு பங்கு வீடுகள் கையெழுத்திட்டால் செயலாளரைக் கேட்காமலேயே பொதுக்கூட்டம் கூட்டலாம் என்று இருந்தது. வாட்ஸ்அப்பில் எழுத வழியில்லை. அதனால் மாவுப் பாக்கெட்டின் ரப்பர் பேண்டுக்குள் துண்டுச் சீட்டைச் செருகி அனுப்பினோம். இரண்டே நாளில் நாற்பத்தோரு கையெழுத்து திரும்பி வந்தது. மாவு போகாத வீட்டுக்காரர்கள்கூட சீட்டைக் கேட்டு வாங்கினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை, கார் நிறுத்தும் இடத்தில் நிற்க இடமில்லை. செயலாளரும் வந்தார். வாடகைக்காரர்கள் ஓட்டுப் போட முடியாது என்றார். இங்கே சாவிக்குத்தான் ஓட்டு, அது உங்கள் உத்தரவுக்கு முந்தியது என்றேன். அவர் குரல் தாழ்ந்தது.

"அடுத்த கோடைக்குத் தண்ணிக்காக யாருங்க முன்னாடி போய் நிப்பீங்க?"

நியாயமான கேள்வி. நாங்கள் எல்லாரும் நிற்போம் என்று மூன்றாவது மாடியிலிருந்து வந்த ஒரு பெண் சொன்னார். தீர்மானத்தை ரத்து செய்வோம் என்று நான் சொன்னதும் சாவிகள் எழுந்தன. கொத்துச் சாவி, ஒற்றைச் சாவி, முருகன் படம் தொங்கும் சாவி. எண்ணத் தேவையே இருக்கவில்லை. செயலாளர் மோட்டார் அறைச் சாவியை இடுப்பிலிருந்து கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு, ஓரமாகப் போய் உட்கார்ந்தார். முதல் வேலையாக இரண்டு பேர் ஓடிப்போய் மாவுக்காரம்மாவின் வால்வைத் திறந்தார்கள். வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் கைதட்டல் அடங்கவே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தக் கைதட்டலுக்குள்தான் யாரோ சொன்னார்கள், சாரே செயலாளராக இருக்கட்டும், அவருக்கென்ன கெடு, அவர் இருக்கும்வரை இருக்கட்டும் என்று. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், கை மேசை மேலிருந்த சாவியை நோக்கிப் போய்விட்டது. மறுபடியும் சாவிகள் கிலுங்கி எழுந்தன.

முன்வரிசையில் ஒரு சாவி மட்டும் மடியிலேயே கிடந்தது. மாவுக்காரம்மாவின் சாவி.

"அந்த ஊர்ல ஆறு மாசம்தான்னு நீங்கதானே சார் சொன்னீங்க. உங்களுக்கு மட்டும் இன்னா?"

கூட்டம் திரும்பி அவரைப் பார்த்தது. அவர் என்னை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்காக ஆறு குடம் சுமந்தவன் நான். கெடு போடாமல் எழுதியவனும் நான்தான்.

தீர்மான நோட்டைத் திறந்து, என் பெயருக்கு எதிரே ஆறு மாதம் கழித்து வரும் தேதியைப் பெரிதாக எழுதி, உரக்கப் படித்தேன். அதற்குப் பிறகுதான் அந்த அம்மாவின் சாவி மேலே எழுந்தது.