ஆறு செவ்வாயும் ஒரு மந்திரவாதியும்

சிறுவாபுரி முருகன் கோயிலுக்கு நான் ஒரு செவ்வாய்க்கிழமைகூடப் போகவில்லை. போனதாகச் சொன்னேன். ஆறு வாரமும் சொன்னேன்!

உங்களுக்குத் தெரிந்திருக்கும். தொடர்ந்து ஆறு செவ்வாய் அங்கே போய் வேண்டினால் சொந்த வீடு அமையும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஒரு வாரம் தவறினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கும்மிடிப்பூண்டி வாடகை வீட்டில் அலுத்துப்போன என் மனைவி செல்வி, முழங்கால் வலியால் தன்னால் முடியாதென்று, அந்த வேண்டுதலை என்னிடம் ஒப்படைத்தாள்.

தை மாதம், முதல் செவ்வாய். வழக்கம்போல் ஐந்தரைக்கு எழுந்தேன். தண்ணீர் பிடித்தேன், சட்டையைத் தேய்த்தேன், நாட்குறிப்பில் தேதியிட்டேன். ஆலையில் மாலைவரை இரும்புக் கம்பிகளின் விட்டத்தை அளந்தேன். பிறகு ரயிலேறிக் கவரைப்பேட்டையில் இறங்கினேன். கோயிலுக்குப் போகும் ஆட்டோ எதிரே நின்றது... நான் ஏறவில்லை.

ரஹமத்தின் அறைக்குப் போனேன். எங்கள் ஆலை ஆய்வகத்தில் வேலை பார்க்கும் பழவேற்காட்டுக்காரன். செவ்வாய்தோறும் அவனும் நண்பர்களும் ஒரு விளையாட்டு ஆடுவார்கள். அவன் ஒரு மாயநாட்டுக் கதையைச் சொல்லிக்கொண்டு போவான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அதற்குள் நடமாடுவார்கள். சிக்கலான இடத்தில் பகடை தீர்ப்புச் சொல்லும். ஒருமுறை பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன்.

அன்று மாலை முழுவதும் என் பாத்திரத்தை உருவாக்குவதிலேயே கழிந்தது. நெடுங்காடன் என்றொரு மந்திரவாதி. அவன் அங்கியின் பொத்தான்வரை தீர்மானித்தேன். ரஹமத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

“சார், தையல்காரன் கணக்கா சொல்லிக்கினே போறீங்களே! ஆளுக்கு இன்னா குறை?”

“குறை எதுக்குப்பா?”

“குறை இல்லாதவன வெச்சிக்கினு கதை நவுராது சார். அப்டி ஒர்த்தர் வேணும்னா கோயிலுக்குப் போங்க!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்... எப்படிச் சிரித்தேன்!

பிறகு சொன்னேன்: நெடுங்காடன் சொல்லும் பொய்யைக் கேட்பவர் நம்பினால் அது மெய்யாகிவிடும். அவனுக்கு மட்டும் அது கடைசிவரை பொய்யாகவே இருக்கும்.

“செம சார்!” என்றான் ரஹமத்.

திரும்பும் வழியில் ஸ்டேஷன் கடையில் விபூதிப் பொட்டலம் வாங்கினேன். கடையின் பெயர் அச்சிட்ட உறையைக் கிழித்தெறிந்துவிட்டு, செய்தித்தாள் துண்டில் கோயிலில் தருவதுபோலவே மடித்தேன். மடிப்பு கச்சிதமாக இருந்தது. செல்வி கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அடுத்த ஐந்து செவ்வாயும் இதேதான்.

சித்திரையில் வங்கிக் கடன் கிடைத்தது. கவரைப்பேட்டைக்குப் பக்கத்திலேயே வீடும் அமைந்தது! வந்தவர்களிடமெல்லாம் செல்வி, “அவரு ஆறு வாரம் தவறாம போனாருங்க” என்றாள். யாருடைய வீட்டில் நான் குடியிருந்தேன்? சொல்லுங்கள்.

சென்ற திங்கள் மாலை கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: “நாளைக்கு அண்ணி ஆறு வாரம் ஆரம்பிக்கறாங்க. நம்மளப் பாத்துத்தான். முட்டி வலிச்சாலும் பரவால்ல, நாமளும் போயி நன்றி சொல்லிட்டு வந்துரலாங்க.”

அதற்குமேல் முடியவில்லை. “நான் போகவே இல்ல செல்வி” என்றேன்.

அவள் கை நின்றது. “பொம்பள விவகாரமா?”

“இல்ல... மந்திரவாதி.”

“யாரு?”

“நான்தான்.”

விளையாட்டை முழுவதும் சொன்னேன். பொத்தான் உட்பட. அவள் சிரித்துவிட்டாள்! “நான் இன்னாவோன்னு பயந்துட்டேன். அம்பது வயசுல இது ஒண்ணுதான் கொறச்சலு!”

எத்தனை மாதங்களுக்குப் பிறகு நெஞ்சு நிறைய மூச்சு விட்டேன்...

“அப்ப அந்த விபூதி?”

“ஸ்டேஷன் கடையில வாங்கினது.”

சிரிப்பு நின்றது. “தெனம் முட்டிக்கு அதைத்தாங்க பூசிக்கினு இருந்தேன்.”

கீரையை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். மன்னித்தாளா? கேட்கத் துணிவில்லை. ஆனாலும் அன்றிரவு அயர்ந்து தூங்கினேன். வெட்கமாக இருக்கிறது, உண்மை அதுதான்.

மறுநாள் செவ்வாய். நான் எழுந்தபோது அவள் குளித்து முடித்து அண்ணிக்குப் போன் போட்டிருந்தாள்.

“நாங்களும் வர்றோம் அண்ணி. இல்ல, நன்றி சொல்ல இல்ல. எங்களுக்கும் இதான் மொத வாரம்.”

ஏன் என்று அண்ணி கேட்டிருக்க வேண்டும். செல்வி போனை என் கையில் கொடுத்தாள்.