ஓசையில்லாமல் பழகிய விரல்கள்

சேர்ந்த ஒரு வாரத்திலேயே அக்காவை டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டிலிருந்து நிறுத்தியது அப்பாதான். புருஷனைப் பறிகொடுத்துக் கரமனையில் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தவள் ஆண்பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்து டைப் அடிக்கிறாள் என்று தெருவில் பேச்சு. கல்யாணமாகாத நான் போகலாமாம், அவள் போகக்கூடாதாம். இது எந்த ஊர் நியாயம் என்று கேட்டேன், மனசுக்குள். வாய்விட்டுக் கேட்கிற தைரியம் எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

பரீட்சைக்கு மட்டும் அரைமனதாகச் சம்மதித்தார். "ஒரு தடவை எழுதட்டும். பாஸாகலைன்னா நாகர்கோவிலுக்குப் போகட்டும்" என்றார். நாகர்கோவிலில் அக்காவின் மைத்துனர் வீடு. நான்கு குழந்தைகள், படுத்த படுக்கையாக மாமியார். அவர்களுக்குச் சம்பளமில்லாத சமையல்காரி தேவைப்பட்டாள். டைப்ரைட்டிங்கில் முதல் பரீட்சையான லோயர் பாஸானால் ஏதாவது ஆபீஸில் வேலை கிடைக்கும், அங்கே போகவேண்டாம். அக்காவுக்கு இருந்த ஒரே வழி அதுதான்.

பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம் டைப்ரைட்டர் கீகளை வரைந்து கொடுத்தேன். இன்ஸ்டிடியூட்டில் எனக்குக் கொடுத்த பாடத்தைச் சாயங்காலம் அவளுக்குச் சொல்வேன். மறுநாள் மத்தியானம், அப்பா அடுத்த அறையில் படுத்திருக்கும்போது, அட்டையை மடியில் வைத்துக்கொண்டு பழகுவாள். அவர் தூக்கம் கெட்டால் வீடு ரெண்டுபடும். அதனால் சத்தமே வராமல் விரல்நுனியால் தொட்டுத் தொட்டு எடுப்பாள். கண் பாடத்தை விட்டு நகராது. எட்டு மாதத்தில் என்னைவிட வேகம். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

பரீட்சை ஹாலில் எங்களுக்கு அடுத்தடுத்த நம்பர். எல்லாம் பழைய மெஷின்கள், ஓங்கி அடித்தால்தான் எழுத்து காகிதத்தில் விழும். தொடங்கச் சொன்னதும் தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி ஹால் முழுக்கச் சத்தம். அக்காவின் மெஷினில் மட்டும் ஏதோ கிசுகிசுப்பு. முதல் வரி முடிவதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. அவள் காகிதத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமல் அடிக்கவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவளே நான்தான்.

'ஓங்கி அடி'. ரெண்டே வார்த்தை, சொல்லியிருந்தால் போதும். சூப்பர்வைசர் கண்ணில் பட்டால் என்னை எழுப்பி வெளியே அனுப்பிவிடுவார். என் பரீட்சையும் போய்விடும். நான் தலையைத் தூக்காமல் அடித்துக்கொண்டே இருந்தேன்.

எல்லோருக்கும் முன்னால் அவள்தான் முடித்தாள். முகத்தில் சிரிப்போடு காகிதத்தை உருவியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பாதி எழுத்து சாம்பல் பூத்த மாதிரி இருந்தது, மீதி இடம் வெறும் வெள்ளை. சுண்டுவிரல் அடிக்கவேண்டிய எழுத்து ஒன்றுகூட விழவில்லை. "விரல்ல பலமில்லை" என்றார் அப்பா, வீட்டில் விஷயம் தெரிந்ததும். தினமும் எங்கள் எல்லோருக்கும் மாவரைத்த கை அது.

ரிசல்ட் வந்தது. நான் பாஸ். அவளைத் தம்பானூரில் நாகர்கோவில் பஸ் ஏற்றிவிட நானே போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு மெதுவாகக் கேட்டாள். "பக்கத்துல தானே இருந்தே. என் மெஷின்ல சத்தம் வரலைங்கறது உனக்குத் தெரிஞ்சுதோ?"

"இல்லைக்கா. என் மெஷின் சத்தத்துல ஒண்ணுமே கேக்கலை."

"அதானே. தெரிஞ்சிருந்தா நீ சொல்லாம இருப்பியோ" என்று ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டாள். அவள் அதை முழுசாக நம்பினாள். பஸ் புறப்பட்டது. அடுத்த திங்கட்கிழமை நான் ஆபீஸில் சேர்ந்தேன்.