கடல் பக்கம் ஒரு சாண்

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். ராமநாதபுரத்திலிருந்து ஒரு கொத்துக்கரண்டியோடு அந்தமானுக்குக் கப்பலேறி வந்தவன். புரோத்ராபூரில் பதினேழு வீடு, ஃபீனிக்ஸ் பேயில் ஒரு கிடங்கு, எதுவும் நிற்காது என்று சொன்ன சதுப்பில் ஒரு பள்ளிக்கூடம், எல்லாம் இந்தக் கை எழுப்பியவை, நிலநடுக்கத்திலும் நின்றவை. பேய் என்று சொல்லி எவனாவது வேலைக்கு வராவிட்டால் மறுநாளே வேறு ஆள் போடுகிறவன் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள்.

சாத்தம் படகுத்துறையிலிருந்து அக்கரை போனால் கரையோரம் சிதம்பரம் சார் வீடு. அவர் மனைவி பக்கவாதத்தில் படுத்தவர். தலையணையில் தலை இருக்க, கண்ணுக்கு நேரே கடல் தெரிய வேண்டும், வீடே அதற்காகத்தான். மெயின்லேண்டிலிருந்து வந்த ஆர்க்கிடெக்ட் தம்பி சுவர் முழுக்கக் கண்ணாடி வரைந்தார். கட்டில் உயரத்துக்குப் பலகை போட்டு, தலைக்குச் செங்கல் வைத்து வெயிலில் படுத்து, அந்தக் கண்ணாடி எங்கே வர வேண்டும் என்று பார்த்தவன் நான்.

தரை மட்டத்துக்குத் தூண்களில் கோடு போட்டாயிற்று. மறுநாள் காலை, டியூப்பில் தண்ணீர் நிரப்பிச் சரிபார்க்கிறோம், இரண்டு முனையிலும் தண்ணீர் கோட்டில் ஒரே மட்டமாக நிற்க வேண்டும். கடல் பக்கத் தூணில் நின்ற கொத்தனார் சுபல், "சாச்சா, பானி பராபர் நஹி ஹை" என்றான், தண்ணீர் சமமாக இல்லையாம். போய்ப் பார்த்தால் கோட்டுக்கு மேல் ஒரு சாண் ஏறி நிற்கிறது தண்ணீர். இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்தால் சமம், கடல் பக்கம் கொண்டுபோனால் மறுபடி ஒரு சாண். புது டியூப்பும் அப்படியே. ஆர்க்கிடெக்ட் மட்டம் பார்க்கும் மெஷின் வைத்துப் பார்த்துக் கோடு சரி என்றார்.

"உங்க டியூப்புக்கு வயசாயிடுச்சு மேஸ்திரி."

"என்னை விடவா தம்பி?" என்று சிரித்துவைத்தேன்.

தண்ணீர் காட்டிய ஒரு சாணுக்கு மேல் நாலு விரல் சேர்த்து, தரையையும் ஜன்னலையும் ஒரு சாண் நாலு விரல் தூக்கப்போகிறேன் என்று சாரிடம் சொன்னேன். ஆர்க்கிடெக்ட் குதித்தார். சாரோ, அவளுக்குக் கடல் தெரியுமா என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன், தூக்கினேன்.

அன்று முதல் இன்றுவரை கடல் அந்த வீட்டு வேலியைத் தாண்டியதில்லை. குடிபோன மூன்றாம் மாதம் பார்க்கப் போனபோது, சார் டீ போட உள்ளே போனதும் அந்த அம்மா என்னைக் கட்டிலுக்குக் கிட்டே கூப்பிட்டார்.

"அண்ணே, தெனம் மத்தியானம் தண்ணி வந்து தரையத் தொடாம நின்னுட்டுப் போகுது. இவருக்குத் தெரியல. நீங்க தூக்கிக் கட்டுனதாலதான் உள்ள வரல."

வெளியே போய்ப் பார்த்தேன். வீட்டு வெளிச்சுவரில், உள்தரைக்கு நாலு விரல் கீழே, காய்ந்த உப்புக் கோடு. துடைத்தால் மறுநாள் வந்துவிடுகிறது என்றார் சார், சுவரில் ஈரம் என்று நினைத்துக்கொண்டு.

போன வாரம் அளந்தேன். கோட்டுக்கும் தரைக்கும் நடுவே மூன்று விரல்தான் இருக்கிறது. அந்த அம்மாவால் எழுந்து ஓட முடியாது.

வீட்டின் படத்தை ஏதோ புத்தகத்தில் போட்டு ஆர்க்கிடெக்ட் பெயரை எழுதியிருக்கிறார்கள். கண்ணாடி அவருடையது, இருக்கட்டும். ஒரு சாண் நாலு விரல் என்னுடையது. அந்த மூன்று விரல் மிச்சம் இருக்கும்போதே அதில் என் பெயரையும் போடச் சொல்லுங்கள்.