வழி சொல்லும் பெட்டியும் மீராலெவ்வைக் காக்காவும்

வயரிங்கில் பிழை விட்டால் ஃபியூஸ்தான் போகும். வழி சொல்லும் பெட்டி பூட்டுவதில் பிழை விட்டால் ஆளே எங்காவது போய்விடுவார். வாடிக்கையாளரிடம் ஏச்சு வாங்கிப் பிழைக்கும் அன்பர்களே, என் பாட்டையும் கேளுங்கள்.

சுனாமிக்குப் பிறகு கல்முனையில் ஒரு பகல் பராமரிப்பு நிலையம் திறந்தார்கள். தலையில் அடிபட்டு நினைவு தடுமாறுகிறவர்களுக்கானது. ஆள் கிட்டப் போனால் தானாகப் பேசி, சாப்பாட்டறைக்கும் கழிப்பறைக்கும் வழி சொல்லும் பெட்டிகளைச் சுவரில் பூட்டுவது என் வேலை. எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்போம், அக்காவை ராத்தா என்போம். அங்கே வரும் மீராலெவ்வைக் காக்காவுக்கு, எழுந்து நின்றதும் எதற்கு எழுந்தோம் என்பதே மறந்துவிடும். அவருக்கு வழி காட்டவென்று மனைவி ஆசியா ராத்தா நாள் முழுக்க அங்கேயே குந்தியிருப்பார். அவருடைய தையல் மெசின் வீட்டில் சும்மா கிடந்தது. அடுப்பு எரிவதோ அந்த மெசினால்தான். காக்கா தனியே நடந்தால்தான் ராத்தா தைக்கப் போகலாம்.

மரியாதை

கொழும்பில் பதிந்து அனுப்பிய பெண்குரல், "வலப்பக்கம் திரும்பவும்" என்றது. காக்கா நின்று சலாம் சொன்னார். "வலப்பக்கம் திரும்பவும்." இன்னும் உரக்கச் சலாம் சொன்னார். அதே பதில். மனுசன் நிலத்தில் குந்திவிட்டார்.

"சலாமுக்குப் பதில் சொல்லத் தெரியாதவட கதையக் கேட்டு நான் ஒரு அடியும் வைக்கமாட்டன்!"

சோதனைச் சாவடி

சம்மாந்துறையில் உள்ள என் கடைக்குப் பெட்டியைக் கொண்டுபோய், முதலில் சலாம் சொல்லும்படி என் குரலிலேயே பதிந்தேன். திரும்பி வரும்போது சோதனைச் சாவடியில் மறித்தார்கள். யுத்த காலம், கையில் வயரும் பெற்றரியுமாக ஒரு பெட்டி. என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். சிப்பாய் கிட்டக் குனிந்ததும் பெட்டி சலாம் சொன்னது. அவர் துள்ளிப் பின்வாங்கித் துவக்கை நீட்டினார்.

"உள்ளுக்கு யாரு? வெளிய வரச் சொல்லு!"

விடாத சலாம்

காக்காவுக்குப் பரம சந்தோசம். பதில் சலாம் சொன்னார். அவருடைய கை அசைந்ததும், இன்னொரு ஆள் வந்ததாக நினைத்துப் பெட்டி மறுபடி சலாம் சொன்னது. பதில் சொல்வது கடமையாயிற்றே, அவரும் சொன்னார். தொண்டை வறளும்வரை இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கழிப்பறைக்குப் போகாமலே காரியம் இடுப்பில் கட்டிய சாறனில் முடிந்தது.

"நல்ல குடும்பத்துப் புள்ளதான் மனே, ஆனா ஆளப் போக உடுதில்லையே!"

அம்புக்குறி

பெட்டிகளைக் கழற்றிவிட்டு, கழிப்பறையின் பச்சைக் கதவுப் பக்கம் காட்டும்படி சுவரில் பச்சை அம்புக்குறி கீறினேன். எங்கள் ஊரில் புதுக் கட்டடத்துச் சுவரில் அம்புக்குறி கண்டால் அது கிப்லா, தொழுகிற திசை. ஐந்து நேரமும் தொழுகிற எனக்கு அது மூளையில் ஓடவில்லை. ளுஹர் என்கிற நண்பகல் தொழுகை நேரம் காக்கா பாயை விரித்துவிட்டார். அவர் பின்னால் இன்னும் மூன்று பேர் வரிசையாக, கழிப்பறையை நோக்கி! அம்புக்குறியை அழிக்க நான் தின்னர் போத்தலோடு ஓடி வந்தால், கொழும்பிலிருந்து வந்த திட்ட அதிகாரி ஆசையாகப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

"பாத்தீங்களா, ஒருத்தர்கூடப் பிழை விடல்ல, எல்லாரும் அம்புக்குறிப்படி!"

ராத்தாவின் குரல்

கடைசியில் ஆசியா ராத்தாவே, "நான் கதைக்கிறன், பதியுங்க" என்றார். "இஞ்சேருங்க, பச்சைக் கதவுக்குள்ள போங்க!" வீட்டில் போடும் அதே அதட்டல். ஒருமுறை பேசினால் சற்று நேரம் வாயை மூடும்படி பெட்டியையும் திருத்தி மறுபடி பூட்டினேன். காக்கா சலாமும் சொல்லவில்லை, சுகமும் விசாரிக்கவில்லை. போனார், வந்தார், சாப்பாட்டறைக்கும் தானே போய் உட்கார்ந்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அன்றுதான் ராத்தா முதல்முறையாகத் தைக்கப் போனார். வேலை ஓடியிருக்காது. பின்னேரம் வேர்க்க விறுவிறுக்க வந்து, "என்னத் தேடினீங்களா?" என்றார். காக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நாள் முழுக்கப் பக்கத்தில நின்டு ஏசிப்போட்டு, இப்ப எங்கயோ போய் வந்தவ போலக் கேட்கிறாய்?"

அன்றிலிருந்து எங்கே பெட்டி பூட்டப் போனாலும், சுவரைப் பார்ப்பதற்கு முன், அந்த ஆளை வீட்டில் ஏசுவது யார் என்றுதான் முதலில் விசாரிக்கிறேன்.